ஒரே பந்தி

போன வாரம் ஊரிலிருந்து சித்தி போன் பண்ணினாள். தம்பிக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

"ஏய்யா, ஒரு பயோடேட்டா அடிச்சுத் தா. நீதான கம்ப்யூட்டர்ல தமிழ் எழுதுதவன். இங்க கடையில குடுத்தா ஒரே தப்பும் தவறுமா அடிக்கான்."

பேனாவை எடுத்துக்கொண்டேன். பெயர், பிறந்த தேதி, உயரம், கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, சொந்த வீடு, இரண்டு ஏக்கர் வாழை. சொல்லிக்கொண்டே வந்தாள். எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்ற இடம் வந்ததும் குரல் கொஞ்சம் மாறியது, ஜெபம் பண்ணுகிற குரல். "மறுபடியும் பிறந்த, ஜெப ஜீவியமுள்ள, சபைக்கு ஒழுங்காப் போற பிள்ளைன்னு போடு." எழுதினேன். "அடுத்த வரில, நாடார் மட்டும்னு போட்டுரு."

"ஏன் சித்தி, மறுபடியும் பிறந்தவளும் கரெக்டா அதே சாதியிலதான் பிறக்கணுமா?"

ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு சிரித்தாள். "வாயப் பாரு. அப்படியே ஒங்க தாத்தா."

சித்தியைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவளைப் போல ஜெபிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஊரில் நோயாளியாகக் கிடக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்பாள். அந்தப் பெயர்களில் கீழத்தெருப் பெயர்களும் உண்டு. அதனால்தான் அந்த இரண்டு வரிகளும் ஒரே மூச்சில் வந்தது எனக்குள் கிடந்து உறுத்துகிறது. அவளுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. இருபது வயது வரை எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லுவோம். மனப்பாடம்தான். மனசு மத்தியானக் குழம்பில் இருந்தாலும் வாய் தப்பில்லாமல் சொல்லிவிடும். அதில் 'ஐக்கியம்' என்று ஒரு சொல் வரும். சின்ன வயதில் அது மட்டும் எனக்குப் பிடிபடவே பிடிபடாது. மரித்து அடக்கம் பண்ணப்பட்டது புரிந்தது, மூன்றாம் நாள் எழுந்தது புரிந்தது. ஐக்கியம் என்றால் என்ன என்று ஞாயிறு பள்ளி டீச்சரிடம் கேட்டேன். "எல்லாரும் ஒண்ணாச் சேந்து சாப்பிடுதோம்லா, அசனத்துல? அதான்" என்றார். இறையியல் படித்தவர்கள்கூட இதைவிட நல்ல பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

தென்மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அசனம் என்றால் என்ன என்று சொல்லவேண்டும். கோயில் பிரதிஷ்டை பண்டிகையை ஒட்டி, சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்தின ராத்திரியே கோயில் வளாகத்தில் லைட் போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். ஆண்கள் ஆட்டை உரித்து, அடுப்பு வெட்டி, ஆள் உயரக் கரண்டியால் கிண்டுவார்கள். அரிசி வீட்டுக்கு வீடு வசூல். வடித்த சோற்றைப் பனையோலைப் பாயில் மலைமாதிரி கொட்டி, ஓலைப்பெட்டியில் அள்ளி வருவார்கள். ஐயர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை யாரும் இலையில் கைவைக்கக் கூடாது. (எங்கள் பக்கம் புராட்டஸ்டன்ட் குருவானவரை 'ஐயர்' என்போம். சென்னையில் நண்பர்களிடம் இதை விளக்கியே பாதி வயசு போய்விட்டது.)

எனக்கு அசனம் என்றால் உயிர். ஆனால் அதில் ஒரு காட்சி உண்டு. கீழத்தெருக்காரர்களும் எங்கள் சபைதான். அவர்களுக்கென்று தெருமுனையில் சின்ன ஜெபவீடு இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்துக்குப் பெரிய கோயிலுக்கு வருவார்கள், பின்வரிசையில் இருப்பார்கள், கடைசியாக எழுந்து வருவார்கள். அசனத்தன்று தூக்குவாளியோடு வந்து அடுப்புப் பக்கம் நிற்பார்கள். குறை வைக்காமல், மற்றவர்களைவிட அதிகமாகவே, ஊற்றிக் கொடுத்து அனுப்புவார்கள். உட்காராதே என்று யாரும் அவர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படி ஒரு சொல்லுக்குத் தேவையே இல்லாத அளவுக்கு எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு வயதிருக்கும். தாத்தாவிடம் கேட்டேன், அவர்கள் ஏன் பந்தியில் உட்காருவதில்லை என்று. தாத்தா சபையில் மூப்பர். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அவங்களுக்கு அதான் வசதி."

இந்த 'வசதி' என்ற சொல்லைப் பிற்பாடு பல இடங்களில் பார்த்தேன்.

முதலில் பைபிளிலேயே. கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் பவுல் ஒரு சண்டையைச் சொல்கிறார். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பேர் வந்தார்கள். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பேதுரு மெல்லப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேராகவே அவரைக் கண்டித்துவிட்டார். ஆதித் திருச்சபையில் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றியது. இந்தப் பகுதியில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாம் கிருபை, நியாயப்பிரமாணம் என்று போகும். ஒரு பிரசங்கம்கூட அந்தச் சாப்பாட்டு இலைக்கு அருகில் வந்ததில்லை.

நம்மூர்க் கதைக்கு வருவோம். 1706ல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அங்கேதான் தமிழ்நாட்டு புராட்டஸ்டன்ட் சபை தொடங்குகிறது. தொடங்கினபோதே கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடம் வந்துவிட்டது. 1733ல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார், நல்லது. அதே காலத்தில் தஞ்சைப் பக்கம் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார். படைவீரராக இருந்தவர், பறையர், ஊர் ஊராகப் போய்ச் சபைகளை உண்டாக்கினவர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதிக்காரர்கள் வரமாட்டார்கள் என்று மிஷனெரிகளே கணக்குப் போட்டுவிட்டார்கள். சபையின் வசதி.

நூறு வருஷம் கழித்து, 1833ல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை விட்டார். சாதியைக் கோயிலுக்குள் வைத்துக்கொள்ள முடியாது, உடனே விட்டாகவேண்டும் என்று. தஞ்சாவூரில் பெரிய கலகம். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னருக்குத் தோழர். சாதி ஆசாரங்களை விடச்சொல்லுகிற மிஷனெரிகளைக் கண்டித்து அதற்கு முன்பிருந்தே எழுதிவந்தவர். இன்றைக்கும் அவர் கீர்த்தனை இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு ஆராதனை கிடையாது. அவர் தமிழ் மேல் எனக்குத் தீராத மயக்கம். அந்த மயக்கத்தோடேயே சொல்கிறேன், அவர் அந்த விஷயத்தில் தப்புப் பண்ணினார். ஆனால் மிஷனெரிகளின் சொந்தச் சாப்பாட்டு மேஜையில் ஒரு தமிழ் உபதேசியாருக்கு எத்தனை நாள் இடம் கிடைத்திருக்கும் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியவில்லை.

1850ல் சென்னை மிஷனெரி மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் சேர்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். கொஞ்சம் முரட்டுத்தனமான வழி. வாயில் சோற்றைத் திணித்து மனசை மாற்ற முடியுமா என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. ஆனால் எதை அளந்தால் காய்ச்சல் தெரியும் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பலன் என்ன? ஆங்கிலேயர் சபையில் கெடுபிடி கூடக் கூட, வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் பலர் சாதி விஷயத்தில் அவ்வளவு வற்புறுத்தாத லெய்ப்சிக் லுத்தரன் மிஷனுக்குக் குடும்பம் குடும்பமாக மாறினார்கள். சபையை மாற்றிக்கொள்ள முடிந்தது, சாப்பிடுகிற வரிசையை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

இதுவரை வெள்ளாளர் கதை. எழுதுவது எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை, ஏனென்றால் நான் வெள்ளாளன் இல்லை.

எங்களுக்கென்று ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்ல எங்கள் வீட்டில் அலுப்பதே இல்லை. திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்று இருந்த காலம். லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் போட்டார்கள். துணியைக் கிழித்தார்கள், கோயிலையும் பள்ளியையும் கொளுத்தினார்கள். தோள்சீலைக் கலகம் என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக விட்டு விட்டு நடந்தது. கடைசியில் 1859 ஜூலை 26ல் மகாராஜா மூடிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அப்போதும்கூட மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வால். இதில் சபை எங்கள் பக்கம் நின்றது. தான் சொன்னதைத் திருச்சபை செய்த இடம் எது என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இரண்டாவது, வடக்கன்குளம். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை என்றாலும் தாத்தா இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். அங்கே திருக்குடும்ப ஆலயத்தை 1872ல் கட்டினபோது கால்சட்டை போல இரண்டு கூடமாகக் கட்டினார்கள். இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். இரண்டு பேரும் குருவானவரைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. வசதியான பூசை! 1910ல் பங்குக்குருவும் ஆயரும் தடுப்பை அகற்றினார்கள். வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 1917ல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. இந்த வழக்கை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

அதே வடக்கன்குளத்தில்தான், அந்தக் கால்சட்டைக் கோயிலுக்கெல்லாம் வெகுகாலம் முன்பு, 1745ல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மேல்சாதியில் பிறந்தவர் எல்லோரோடும் கலந்து பழகினது அவர் மேலிருந்த கோபங்களில் ஒன்று. 1752ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருந்தது. அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை'யை எடுக்கவேண்டும் என்று கேட்டு எழுதினார்கள், ரோமாபுரியும் எடுத்தது. சாதியைத் தாண்டினதற்காகவும் சேர்த்துச் செத்த மனுஷரை இருநூற்று எழுபது வருஷமாக அந்தச் சாதிப் பட்டத்தோடேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

சரி, தாத்தாவின் கதைக்கு வருகிறேன். வடக்கன்குளத்துத் தடுப்பை இடித்த கட்டத்தைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். எங்களை அடைத்து வைத்த சுவர் அது. அதே தாத்தாதான் அசனத்தில் தூக்குவாளியைப் பார்த்து "அவங்களுக்கு அதான் வசதி" என்றார். அடிபட்ட கதையை அவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருந்த மனுஷருக்கு, அடுப்புப் பக்கம் நிற்கிறவன் வேறு ஒரு கதையை ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பான் என்று தோன்றவே இல்லை.

திருச்சபை சொன்னதைச் செய்கிறதா என்று யாராவது கேட்டால் நம்மிடம் தயாராக ஒரு பட்டியல் இருக்கும். வேலூரில் 1900ல் ஐடா ஸ்கடர் ஒரு படுக்கையோடு ஆரம்பித்தது. டோனாவூரில் எமி கார்மைக்கேல் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி. இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காத, இங்கிலாந்தில் நோய்ப்படுக்கையில் இருந்த சாராள் தக்கர் என்ற பெண்ணின் பெயரில் ஒரு கல்லூரி. எல்லாம் உண்மை, எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அம்மா நாலெழுத்துப் படித்ததே அப்படி ஒரு பள்ளியில்தான்.

ஆனால் இந்தப் பட்டியலை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சேவை செய்வது வேறு, சம்பந்தம் செய்வது வேறு. சேவையில் கொடுக்கிற கை மேலேயே இருக்கும். அசனத்தில் தூக்குவாளி நிறைய ஊற்றினார்களே, அதுவும் சேவைதான். தாராளமான சேவை. சம்பந்தம் என்று வரும்போதுதான் இரண்டு இலையும் ஒரே மட்டத்தில் விரிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் கை நடுங்குகிறது. கேட்பவர்கள் நம்மிடம் சம்பந்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், நாம் சேவைப் பட்டியலை நீட்டுகிறோம்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்குத்தான் பட்டியல் சாதித் தகுதி. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. சென்னையில் நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர், கிறிஸ்தவர் என்பதால் தனக்கு அரசாங்கத்தின் இலவசப் பெட்டிக்கடை தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். சூசை வழக்கு, 1985. மதம் மாறின பிறகும் அந்தச் சமூகத்துக்குள் அதே அளவுக்கு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதில் திருச்சபை மாட்டிக்கொண்டிருக்கிற இடத்தைப் பாருங்கள். டெல்லிக்குப் போனால், எங்களுக்குள் சாதிக் கொடுமை இருக்கிறது என்று அடித்துச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் ஏறினால், கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று சொல்லவேண்டும். இரண்டையும் சொல்கிறார்கள், பெரும்பாலும் ஒரே ஆட்களே. அந்தச் சலுகை தலித் கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. வாக்குமூலத்தை அரசாங்கத்திடம் கொடுத்த அளவுக்குச் சபைக்குள்ளும் கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன். கத்தோலிக்க ஆயர்கள் பேரவை அதைக் கொஞ்சம் செய்தது. 2016 டிசம்பரில், தலித் கத்தோலிக்கர்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். தரங்கம்பாடிக்கு முன்பே வந்தவர்கள் கத்தோலிக்கர்கள். இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606ல். நானூறு வருஷம் ஆகியிருக்கிறது அந்த வாக்கியத்துக்கு. பரவாயில்லை, வந்துவிட்டது.

ஆனால் அறிக்கைக்கு முன்பே மனிதர்கள் பேசிவிட்டார்கள். கன்னியர் மடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு, சகிக்க முடியாமல் வெளியே வந்த பாமா 1992ல் 'கருக்கு' எழுதினார். பனைமரத்துக் கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். நான் அதைப் படித்தது கல்லூரி விடுதியில். படித்து முடித்த ராத்திரி தூக்குவாளிகள்தான் கண்ணுக்குள் நின்றன. 2008 மார்ச்சில் அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கலவரம் ஆகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதா, ஒரே செபமாலை. ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, எங்களைத் தனியாகவாவது விடுங்கள் என்று ஒரு சபையின் பாதி கேட்கிறது என்றால், அந்த இடத்தில் விசுவாசப் பிரமாணத்தை எந்த வாயால் சொல்லுவது? கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. உயிர்த்தெழுதலில் யார் முதலில் எழும்புவது என்பதற்கும் வரிசை வைத்திருக்கிறோம் போல.

இதையெல்லாம் எழுதினால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர், "பாத்தீங்களா, மதம் மாறினாலும் சாதி போகாது, அப்புறம் எதுக்கு மாறணும்?" என்று குஷியாகக் கேட்பார். அண்ணாச்சி, அந்தச் சாதி எந்த வீட்டிலிருந்து மூட்டை கட்டி வந்தது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். இன்னொருவர் நம்ம ஆள். "மத்த இடத்துக்கு நம்ம சபை எவ்வளவோ தேவலம்" என்பார். தேவலம்தான். ஆனால் நாம் தேவலம் என்று சொல்லிக்கொண்டு ஆரம்பித்தவர்கள் இல்லையே. எல்லாம் புதிதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஆரம்பித்தவர்கள்.

கீழத்தெருவில் எனக்கு ஒரு கூட்டாளி. ஒரே வகுப்பு. பாடகர் குழுவில் நான் டெனர், அவன் பேஸ். கிறிஸ்துமஸ் கேரலுக்கு வீடு வீடாகப் போகும்போது எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் காப்பி கொடுப்பார்கள். சில வீடுகளில் அவன் "வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்பான். எந்த வீட்டில் அப்படிச் சொல்லவேண்டும் என்று அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் என்ன சொன்னான் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அப்படித்தான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அவன் துபாயில். பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்துவிட்டான். பழைய சபையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். உபதேச வேறுபாடு, முழுக்கு ஞானஸ்நானம் என்று ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க யாருக்கும் என் தெரு தெரியாதுல" என்றான்.

அவ்வளவுதான். தொழுவதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது தெருப்பெயர் தெரியாத ஒரு ஊர். பிறகு அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க, ஊரில் இருக்கிற அதே வகைச் சபைப் பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறான். பாஸ்டர் ரொம்பப் பரிவாகக் கேட்டாராம், "பிரதருக்கு பூர்வீகம் என்ன?" போனில் இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பார்த்த பெண், சொந்தச் சாதி. 'கருக்கு' படித்து ஆறு வருஷம் கழித்து நடந்த கல்யாணம். நான் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அமைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சொல்லும் தாத்தாவின் 'வசதி'யும் ஒரே கடைச் சரக்கு.

போன வருஷம் அசனத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பனையோலைப் பாயும் இல்லை, ஆள் உயரக் கரண்டியும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து கேட்டரிங். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை, பேப்பர் விரிப்பு, மட்டன் பிரியாணி. கீழத்தெருப் பிள்ளைகள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து காலியாகக் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் என் அத்தை மகள். யாரும் எழுந்திருக்கவில்லை. தூக்குவாளி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பரிமாறினவர்கள் வடநாட்டுப் பையன்கள். சமைத்தது யார், என்ன ஆட்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. 1850ல் மிஷனெரிகள் தலைகீழாக நின்று கேட்டதைக் கேட்டரிங்காரர் ஒரு பிளேட்டுக்கு இவ்வளவு என்று பில் போட்டு முடித்துவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பையனோடு கிரிக்கெட் பேசினேன். எந்தத் தெரு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, பிரியாணியோடு முழுங்கிவிட்டேன்.

பிறகு கமிட்டித் தேர்தலுக்கு ஓட்டு கேட்டு ஒரு கோஷ்டி வந்தது. நோட்டீஸில் பதினோரு பெயர். பெயர்களைப் பார்த்தாலே தெரு தெரிந்தது.

பயோடேட்டா விஷயத்தை முடிக்கவேண்டும். ராத்திரி உட்கார்ந்து அழகாக அடித்தேன், தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை, இரண்டு பக்கமும் பூ பார்டர். சித்தி சொன்ன எல்லாவற்றையும் போட்டேன், ஒரே ஒரு வரியைத் தவிர. பெரிய புரட்சி என்றெல்லாம் நினைக்காதீர்கள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கள்ளத்தனம், அவ்வளவுதான். சித்திக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். தம்பியின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பினேன். இருபத்தெட்டு வயசு, ஆஃபீஸில் பல மாநிலத்து ஆட்களோடு வேலை, ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் கிதார்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அண்ணே, சூப்பரா இருக்கு. ஒரு லைன் மட்டும் விட்டுப்போச்சு பாருங்க. அவசரத்துல மறந்துட்டீங்கன்னு நெனைக்கேன்."

எந்த லைன் என்று கேட்கவில்லை. ஃபைலைத் திறந்தேன். "மறுபடியும் பிறந்தங்கிறதுக்கு மேல போடவா, கீழ போடவா?"

"மேலயே போட்டுருங்கண்ணே."